பதினாலு பட்டன்

அந்த வருடங்களில் வெப்சைட்டில் ஒரு பட்டன் என்றால், பார்த்தவுடன் விரலால் அமுக்கத் தோன்ற வேண்டும். கண்ணாடி மாதிரி உப்பலாக, மேல்பாதியில் வெளிச்சம் பட்டு, கீழே லேசாக நிழல் விழுந்து. திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் இருந்த டிசைன் ஆபீசில் நான் செய்த வேலை அதுதான். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

சரிப்படாவிட்டால் எங்கே போவது என்பதும் முடிவாகியிருந்தது. எங்கள் ஊர் பச்சைமலை அடிவாரம். மரவள்ளிக்கிழங்கு வாங்கி ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில், எடை போடும் இடத்துக்குப் படித்த பையன் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். மாதக் கடைசியில் பதில் சொல்கிறேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாவது மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வேலை வந்தது. கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் பட்சணம் செய்து கொடுக்கிற குடும்பம். பதினாலு பட்சணம், பதினாலு பட்டன். அவர்கள் வாசல் கோலத்தின் காவியைப் பார்த்துவிட்டு வந்து அதையே அடி நிறமாக வைத்தேன். அதன்மேல் பட்சணத்தின் படம், போட்டோவிலிருந்து ஓரம் ஓரமாக வெட்டியெடுத்தது. அதன்மேல் பெயர். எல்லாவற்றுக்கும் மேல் பாதி வெட்டிய வெள்ளை நீள்வட்டம், மங்கலாக, அதுதான் பளபளப்பு. எல்லாம் தனித்தனி லேயர். கண்ணாடித்தாளை அடுக்கியது போல இருக்கும், எதை வேண்டுமானாலும் பின்னால் எடுத்து மாற்றலாம்.

முடித்ததும் பதினாலு பைலிலும் லேயர்களை ஒன்றாக ஒட்டி, ஒரே படமாக்கி சேவ் செய்தேன். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. கணக்குப் பரீட்சையில் ஓரத்தில் போட்ட ரஃப் வொர்க்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் பேப்பரைக் கொடுப்பேன். இங்கும் அதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்துக்காரர் நேரிலேயே வந்தார். நெய் தடவினாப்போல் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை பார்த்தார்.

"எழுத்து மட்டும் பொடிசா இருக்கு. ஆர்டர் பண்றது வெளிநாட்டுல இருக்கற பிள்ளைதான். ஆனா எது வேணும்னு பாத்துச் சொல்றது இங்க இருக்கற அம்மாவாச்சே. பெரிசு பண்ணிடுங்கோ. சாயங்காலம் கிடைச்சாப் போறும்."

பத்து நிமிட வேலைதான் என்று ஆபீசை நடத்துகிற மேடம் அவரை அனுப்பிவைத்தார். பக்கத்து சீட்டில் இருந்த மணப்பாறைக்காரன் பைலைத் திறந்தான்.

"என்னடா, ஒரே லேயர்தான் இருக்கு. மத்ததெல்லாம் எங்க?"

"ஒட்டிட்டேன்."

"பதினாலுமா?" அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். "கலரைக் கேட்டிருந்தாக்கூட ஒரு இழுப்புல மாத்தலாம். எழுத்தை எப்படிறா பேத்தெடுக்கறது? மாப்ள, நீ முறுக்கே சுட்டுட்ட. இனிமே மாவாக்க முடியாது."

மேடம் ஏன் என்று கேட்டார். பரீட்சைப் பேப்பரைச் சொன்னேன். மணப்பாறைக்காரன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"இங்க பேப்பர் திருத்த யாரும் இல்ல. நீ விட்ட எடத்துலேர்ந்து அடுத்த ஆள் வேலை பாக்கணும். நீ அடிச்சுட்டுப் போயிட்டா அவன் எதைப் பாப்பான்?"

போட்டோக்களிலிருந்து மறுபடி வெட்ட ஆரம்பித்தேன். லட்டு, அதிரசம் எல்லாம் சுற்றி ஒரு வெட்டுதான். முறுக்கும் தேன்குழலும் உயிரை எடுத்தன. சுற்றுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு இடுக்கையும் தனியாக வெட்ட வேண்டும். பளபளப்பு எவ்வளவு மங்கலாக வைத்தேன் என்பது நினைவில் இல்லை. ஒட்டிய படத்தைப் பக்கத்தில் வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டேன். மூன்று மணிக்கு ஒன்பது முடிந்திருந்தது. மணப்பாறைக்காரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு, முறுக்கு எங்க ஊர் சரக்கு, அதை என்னிடம் விடு என்றான். ஐந்தரைக்கு அனுப்பினோம். இப்போது தெரிகிறது என்று ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது.

கிளம்பும்போது மேடம் கூப்பிட்டார். வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் எடுத்துக்கொண்டோம் என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். சரிங்க மேடம் என்றேன்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எடுத்துட்டாங்களா தம்பி?"

"இன்னும் ஒரு மாசம் பாக்கணும்ங்கறாங்க."

"மில்லுக்காரங்க அதுவரைக்கும் நிக்க மாட்டாங்களே. என்ன சொல்லட்டும்?"

என் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்கப்பா."

"யோசிச்சுத்தானே சொல்ற?"

"ஆமாங்கப்பா."

முழுக்க யோசித்தேன் என்று இப்போதும் சொல்ல முடியாது. காலையில் முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பா போனை வைத்தார்.