பழைய கொள்ளிடக் கரையில் நான்கு விநாடி

2012, தை மாதம். மாலை மூன்று மணிக்குத் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன், மடியில் தொலைநோக்கியோடு. என் மைத்துனன் அருள் இன்னொரு தொலைநோக்கியோடு கடலூர் மொட்டை மாடியிலேயே இருந்துகொண்டான். யுரேனஸைச் சுற்றும் நிலவு ஒன்று அன்று ஏழரை மணி வாக்கில் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது. எத்தனை விநாடி மறைக்கிறது என்று இரண்டு ஊரில் அளந்தால் நிலவின் அகலம் தெரியும். எடை ஏற்கெனவே தெரியும் என்பதால் அடர்த்தியும் தெரிந்துவிடும். பனிக்கட்டி எவ்வளவு, பாறை எவ்வளவு என்று சொல்லலாம். நட்சத்திர ஒளியில் பூமி மேல் விழும் அந்த நிலவின் நிழல் ஓரம் சிதம்பரத்தை உரசிக்கொண்டு போகும் என்பது எங்கள் கணக்கு. அங்கே சில விநாடிதான் மறையும்; கண்ணை எடுத்தால் எல்லாம் வீண்.

வழி நெடுகப் போன மாதப் புயல் சாய்த்த மரங்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. சிதம்பரத்திலிருந்து பழைய கொள்ளிட ஆற்றங்கரைக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

"அங்க மொதல இருக்கு சார்," என்றார் ஓட்டுநர் குமார். "போன வாரம் ஒரு ஆட்ட இழுத்துட்டுப் போயிடுச்சு."

அருளுக்குப் போன் போட்டேன். "எடத்த மாத்திக்கலாமா மச்சான்?"

"வடக்க வந்தா ஓரம் கெடைக்காது மாமா. என் அளவ மட்டும் வச்சி ஒண்ணும் பண்ண முடியாது."

ஏழு மணி. கரண்ட் இல்லை, கும்மிருட்டு. நேரம் காட்டும் ரேடியோவில் விநாடிக்கு ஒரு டிக். அதையும் என் குரலையும் பதிவு செய்யப் பக்கத்தில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைக் குழலில் வைத்தேன். தண்ணீரில் சளக் என்றது.

"டார்ச் அடிக்கட்டா சார்?" என்றார், கூடவே நின்றிருந்த குமார்.

"வேணாம்! கண்ணு கூசிடும்."

மறுபடியும் சளக். இம்முறை கிட்டத்தில். கால் தானாகப் பின்னால் போகப் பார்த்தது; பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நட்சத்திரம் அணைந்தது. "மறஞ்சிடுச்சு!" என்று டேப்பில் கத்தினேன். நான்கு டிக் கழித்து, "வந்துடுச்சு!"

குமார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், அக்கரைல ஒரு லாந்தர் எரியுது பாருங்க. அதோட வெளிச்சம் தண்ணில வுழுந்துட்டு இருந்துச்சு. இப்பதான் மறஞ்சி, திரும்ப வந்துச்சு."

"எவ்ளோ நேரம்?"

"நாலஞ்சு எண்ணுற நேரம் இருக்கும் சார்."

சாமான்களை எப்படி ஆட்டோவில் ஏற்றினோம் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் அருளின் அளவையும் என் நான்கு விநாடியையும் வைத்து நிலவின் அகலம் போட்டோம். அடர்த்தியும் வந்தது, பாதிக்குப் பாதி பனிக்கட்டி. மைத்துனனுக்கு ஒரே குஷி. குமார் சொன்ன அந்த நாலஞ்சு எண்ணிக்கையை வைத்துத் தண்ணீரில் குறுக்கே போனதற்கும் ஒரு நீளம் போட்டிருக்கலாம். கணக்கு ஒன்றுதான். எனக்குத்தான் அதைப் போட இன்றுவரை தைரியம் வரவில்லை.