போலீஸிடமே வயசுக்கு ஆதாரம் கேட்ட தேவராஜ் அண்ணன்

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். இன்று காலை. நெஞ்சுவலி... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் காமிக்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான். ஆபாசப் புத்தகம் விற்றதாக அவர் மேல் ஒரு வழக்கு. அடுத்த வாரம் வாய்தா. இந்த முறை தீர்ப்பு வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அகில உலகச் சித்திரக்கதைப் பேரரசு அந்தக் கடை. அகலம்? நான் வயிற்றை உள்ளிழுத்தால்தான் அடுத்த வாடிக்கையாளர் நுழைய முடியும்.

கீழ்த் தட்டுகள் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கான கதைகள் உச்சித் தட்டில்... பள்ளி நோட்டுக்குப் போடுவதுபோல் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, டேப் ஒட்டி. ஐடி காட்டினால்தான் கீழே இறங்கும். எமதர்மனே வந்து கேட்டாலும் ஐடி. நான் கேட்டாலும்.

“எனக்குப் பேரன் பொறந்துட்டான்ணா. என்கிட்டயுமா?”

“வாழ்த்துகள். ஐடி எடு.”

ஒரு சாயங்காலம். ரயிலை விட்டு இறங்கிய கூட்டம் சந்தை அடைத்துக்கொண்டு போகிறது. கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் வந்து உச்சித் தட்டைக் காட்டினார். அண்ணன் வழக்கம்போல் கையை நீட்டினார்.

அவரும் ஐடி காட்டினார். போலீஸ் ஐடி. சப்-இன்ஸ்பெக்டர்.

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டிருந்தாலும் நனைந்திருக்காது.

‘அது விக்கிறதுக்கு இல்ல சார்’ என்று ஒரு வார்த்தை. அது போதும், தப்பித்திருக்கலாம். அண்ணனோ மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, கார்டில் பிறந்த தேதியைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார்.

“வயசு ஆயிட்ச்சு சார், தரலாம். எது வேணும்?”

“இன்னா பெருசு, தமாசா?”

“இல்ல சார். எல்லாருக்கும் இதே ரூல்தான்.”

சந்தில் மஃப்டியில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே பாய்ந்தார்கள். அதாவது ஒருவர் பாய்ந்தார். மற்றவருக்கு இடமில்லை.

உச்சித் தட்டு மொத்தமும் தரைக்கு வந்தது. அப்போதுதான் வாங்கி என் கையில் இருந்த பிரவுன் பேப்பர் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

எஸ்.ஐ. ஒன்றை எடுத்து அட்டையைக் கிழித்தார். கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவனுக்கும் கணவனை இழந்த ஒருத்திக்கும் நடுவே நடக்கிற கதை அது. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், இருவர் மேலும் துணி இல்லாத பக்கத்தில் விரலை வைத்தார்.

“தப்பில்லன்னா இன்னாத்துக்குய்யா பேப்பர் சுத்தி வெச்சிகினு கீற?”

“சின்னப் பசங்க கண்ல படக் கூடாதுன்னுதான் சார்.”

“அப்ப இது ஆபாசம்னு உனக்கே தெரியுது.” கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோ.”

ஆக, மரியாதைக்குப் போட்ட அட்டையே அவருக்கு எதிரான சாட்சி. அட்டை போடாமல் வைத்திருந்தால்? அது பொது இடத்தில் காட்சிக்கு வைத்த குற்றமாம்... வக்கீல் பிறகு சொன்னார்.

அதே வக்கீல் கோர்ட் வாசல் டீக்கடையில் அண்ணனுக்கு இரண்டு வழிகள் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

“ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுக் கிளம்பலாம் சார். இல்லன்னா, பழைய புக் கட்டுல வந்துச்சு, உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே இல்லன்னு சொல்லுங்க.”

“பாக்காமலா தம்பி அட்டை போட்டேன்? ஒவ்வொண்ணும் படிச்சிட்டுத்தான் மேல வெச்சேன்.”

“அப்ப கலை, இலக்கியம்னு வாதாடணும். நிரூபிக்க வேண்டியது நாமதான். வாதம் நிக்கலன்னா ஜெயில்கூட வரலாம் சார்.”

அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

“நான் ஒத்துக்கினா நம்ம கடையில அசிங்கம் வித்தோம்னு நானே சொன்ன மாதிரி. எஸ்தர் சர்ச்சுக்கு எப்டி போவா? ஜட்ஜய்யா முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கட்டும். படிச்சிட்டு சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்.”

எஸ்தர் அக்கா அவர் மனைவி. கடைக்குச் சீல் வைத்த வாரத்திலிருந்தே, சர்ச்சில் அக்கா உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் வாய்தா. ஜட்ஜ் லீவு, வாய்தா. சாட்சி வரவில்லை, வாய்தா. யுகங்கள் புரண்டன, பனிமலைகள் உருகின, வாய்தா.

ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பார். பெயரைக் கூப்பிடும்போது மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடியில் என் எலும்பு தூளாகவில்லை என்பதே மருத்துவ உலகின் அதிசயம்.

ஒருமுறை அந்தப் புத்தகம் சீல் வைத்த கவரில் ஜட்ஜ் மேஜைக்கு வந்தது. அண்ணன் எட்டி எட்டிப் பார்த்தார். பிரிப்பார்களா... பிரிக்கவில்லை. மறுபடி வாய்தா.

இன்று மதியம் வக்கீல் மாலையோடு வீட்டுக்கு வந்தார். அக்கா அழவில்லை. அவரை உட்காரச் சொன்னார்.

“தம்பி, கேஸு இன்னா ஆவும்?”

“டெத் சர்டிஃபிகேட் குடுத்தா முடிச்சிடுவாங்கம்மா. நீங்க கோர்ட்டுக்கே வர வேணாம்.”

“முடிச்சிடுவாங்கன்னா... எங்க வூட்டுக்காரர் தப்பு பண்ணலன்னு சொல்லுவாங்களா?”

“அப்படி இல்லம்மா. பண்ணாருன்னும் சொல்ல மாட்டாங்க, பண்ணலன்னும் சொல்ல மாட்டாங்க. அவர் இல்லாததால கேஸ் அப்படியே நின்னுடும்.”

“அந்த புக்கை யாராவது படிச்சாங்களா?”

வக்கீல் மாலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூன்று உலகத்துக்கும் பதில் வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொள்ளும் நானும் அவர் பின்னாலேயே எழுந்துவிட்டேன்.

நாளை காலை வீட்டில் ஜெபம். அப்புறம் கல்லறைத் தோட்டம். வர முடிந்தவர்கள் வாருங்கள்... அக்கா பக்கத்தில் உட்காருங்கள்.

இனி வாய்தா இல்லை அண்ணா. கிளம்புங்கள்.