கம்பிக்கு மேலே ஒரு கொம்பு

மின்கம்பிக்கு மேலே ஒரு கிளையும் நிற்கக் கூடாது. ரெயால் கோவேனின் தொழில் மொத்தமும் இதற்குள் அடக்கம். க்யூபெக்கின் தெற்கே, பால்பண்ணைகள் நிறைந்த வட்டாரம். இலையுதிர்காலம் வந்ததும் ஏணி வண்டியில் ஏறி, கம்பியோர மரங்களை வெட்டிக்கொண்டே போவார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் கசாப்பு.

அந்த வருஷம் கோன்ராட், தான் சிரப்பு என்னும் இனிப்புப் பாகு இறக்கும் மேப்பிள் மரத்தடியில் வழிமறித்து நின்றான். ஹாக்கி மட்டையைப் பிடித்த நாள் முதல் கூட்டாளி.

"டேய் கசாப்பு, அந்தக் கொம்புல கைய வெச்சே, சிரப்பு கேட்டு என் வாசலுக்கு வராதே."

"கம்பிக்கு நேர் மேல நிக்குதுடா."

"எங்கப்பா காலத்துலேர்ந்து நிக்குது. விழுந்துச்சா?"

"இனிமே விழுந்தா?"

"நானே வந்து கம்பியத் தூக்கிப் புடிச்சுக்கிறேன், போ!"

ரெயால் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ரம்பம் எங்கே ஓடும்? அந்த ஒன்றை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

ஜனவரியில் உறைமழை பிடித்தது. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக இறுகும் மழை. நாள்கணக்கில் பெய்தும் அந்தச் சாலையில் ஒரு கம்பம் சாயவில்லை. முறிந்தது அந்தக் கொம்பு மட்டும்தான்; விழும்போது கம்பியையும் அறுத்துக்கொண்டு விழுந்தது. அடுத்த சாலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கம்பியின் கடைசியில் பெர்னானின் மாட்டுக் கொட்டகை. கறவை இயந்திரம் நின்றுபோனது. ரெயால் ஓடிவந்து கொம்பை அறுத்து அகற்றினார். அதற்குமேல் அவருக்கு அனுமதி இல்லை. கம்பியை இணைக்க வேறு ஆட்கள். அவர்களோ பெரிய ஊர்களுக்கு வெளிச்சம் கொடுக்கப் போயிருந்தார்கள். வட்டாரத்தில் இருந்த ஒரே ஜெனரேட்டர் டிராக்டரில் பண்ணை பண்ணையாகப் போய், பெர்னானிடம் வருவதற்குள் மாடுகளுக்குப் பால் தேங்கி மடி கட்டி, நோய் பிடித்துவிட்டது. அதுவரை ரெயாலும் கோன்ராடும் கை மரத்துப்போகும்வரை பீய்ச்சினார்கள். அத்தனை மாடுகளுக்கு நாலு கை எம்மாத்திரம்? பாதி மந்தை இறைச்சிக்குப் போனது. மீதியை வசந்தத்தில் பெர்னானே விற்றார்.

"மழைய யாரு என்ன செய்ய முடியும்?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அது ரெயாலின் காதுக்கும் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கொட்டகைக்குப் போனார். மாடு நின்ற இடத்தில் பெர்னான் யாருடைய பனிவண்டியையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மழை இல்ல. அந்தக் கொம்ப நான்தான் விட்டுவெச்சேன். கோன்ராட் கேட்டான், விட்டுட்டேன்."

பெர்னான் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்ப்பா. கம்பி அறுபட்ட இடத்த நானும் பாத்தேன்ல?"

"அப்போ ஏன் மழை மழைன்னு..."

"வேற யாரச் சொல்றது? அந்த மரத்துச் சிரப்ப வருஷா வருஷம் நானும்தான் நக்கித் தின்னேன். நீ வெட்ட வந்தப்ப அவன் பக்கத்துல நின்னிருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

திட்டு வாங்கத்தான் ரெயால் போயிருந்தார். அது கிடைக்கவில்லை. பெர்னான் விளக்கைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் கோன்ராட் மரத்தடியில் வழிமறிக்கவில்லை. ரெயால் மீதிக் கிளைகளை ஒட்ட வெட்டினார். ஏணி உச்சியிலிருந்து பெர்னானின் கொட்டகைக் கூரை தெரிந்தது. முன்பெல்லாம் அந்நேரத்துக்கு மாடுகளின் மூச்சு அங்கே ஆவியாக எழும்பும்.