கேட்டுக்கு வெளியே ஒரு முட்டை: ஆம்பூரில் ஒரு நாள்

ஆம்பூருக்குப் பிரியாணிக்காகப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வழி கேட்கிறீர்கள்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. கல்லூரித் தோழி நூர் அழைத்திருந்தாள். அங்கே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளோடு தையல் பிரிவில் இருந்த மல்லிகாவுக்கு, ஆர்டர் குறைந்ததும் வேலை போனது. வாடகை பாக்கியில் வீடும் போனது. இப்போது நான்கு வயது மகள் காவ்யாவுடன் மேம்பாலத்துக்குக் கீழே. காவ்யாவை அங்கன்வாடியில் சேர்க்க மறுக்கிறார்கள். "நீ வந்து கூட நில்லு, போதும்" என்றாள் நூர்.

வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிப் பேருந்து. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஐம்பது ரூபாய் நோட்டு போதும். விரிஞ்சிபுரம் பக்கம் பாலாறு தெரியும். மணல்தான்.

பாலத்தின் கீழே இரண்டு மூட்டை, ஒரு ஸ்டவ். காவ்யாவுக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டியாகிவிட்டது. மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், நீங்களும் கணக்கெடுக்க வந்தீங்களா?"

"என் தோஸ்த்து, அக்கா. சும்மா கூட வர்றா" என்றாள் நூர்.

"அப்ப சரி. கணக்கெடுக்கறவங்க ஜாஸ்தி ஆய்ட்டாங்க."

பத்து நிமிட நடை. அந்த அங்கன்வாடியில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டோரப் பிள்ளைகளைப் பசியோடு அனுப்புவதில்லை. மதியம் கேட்டருகே நின்றால் சோறு கிடைக்கும், முட்டை போடும் நாளில் முட்டையும். அன்புதான் அது. அதனால்தான் எதிர்ப்பது கடினம். இரண்டு மாதமாகக் காவ்யா கேட்டில் சாப்பிடுகிறாள். உள்ளே பாயில் உட்கார்ந்ததில்லை.

ஒன்பதரைக்குப் போனோம். டீச்சர் கேட்டுக்கு வந்தார்.

"சாப்பாட்டு நேரத்துக்கு வாம்மா. முட்டை எடுத்து வெக்கிறேன்."

"முட்டை வேணாங்க. உள்ள உக்கார வைங்க."

"வீடு வீடா எடுத்த சர்வேல உன் வீடே இல்லியே. நான் இன்னா பண்றது?"

"வீடு இல்ல. பொண்ணு இருக்கா. அவள எழுதுங்க."

"மத்த அம்மாங்க சண்டைக்கு வருவாங்க. பேஜாரு."

"வரட்டும். எனக்கும் சண்டை வரும்."

மல்லிகா கேட்டின் முன்னால் உட்கார்ந்தார். நாங்களும். உள்ளே பாட்டு தொடங்கியது. காவ்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடினாள், எல்லோரையும்விடச் சத்தமாக. மதியங்களில் நின்று நின்றே எல்லாப் பாட்டும் வந்திருக்கிறது. பாயிலிருந்த பிள்ளைகள் கேட் பக்கம் திரும்பிவிட்டார்கள். "இங்க பாருங்க" என்றார் டீச்சர். யாரும் பார்க்கவில்லை.

மதியம் சமையல் உதவியாளர் தட்டோடு வந்தார். சோற்றின் மேல் முட்டை. காவ்யா இரண்டு கையையும் நீட்டினாள். மல்லிகா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள போய் துன்னு."

குழந்தை அழுதது. சாப்பிடட்டும், விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மல்லிகாவும் அழுதுகொண்டிருந்தார். பிடியை விடவில்லை. நான் சொல்லவில்லை.

தட்டோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், நீங்க எழுதறப்ப எழுதுங்க. கொழந்த அழுவுது." கேட்டைத் திறந்தார். தட்டை எடுத்துப்போய்ப் பாயின் ஓரத்தில் வைத்தார். தட்டு போன வழியே காவ்யாவும் போனாள். இரண்டு பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

மல்லிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு எத்தினி மணிக்குங்க?"

டீச்சர் பாயின் பக்கம் பார்த்தார். "ஒம்போதரை. லேட்டா வந்தா திட்டுவேன்."

பெயர் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. ஆகவே இதை வெற்றி என்று எழுதமாட்டேன். அன்று ஒரு குழந்தை பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது. அதை உபகாரம் என்றும் எழுதமாட்டேன். அது அவளுடைய இடம்.

போகிறவர்களுக்கு: உங்கள் ஊர் அங்கன்வாடிக்கும் இது பொருந்தும். காலையில் போங்கள். மதியம் போனால் சோறு கொடுப்பதைப் பார்த்து நெகிழ்ந்து திரும்பிவிடுவீர்கள். நெகிழ வேண்டாம். வெளியே நின்று சாப்பிடுவது யார், ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே உட்காருங்கள். அவசரமில்லை. வேலூருக்கு இரவு வரை பேருந்து உண்டு.