மஞ்சத்தண்ணி வீடியோ

எங்க வீட்ல போனுக்குன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. போட்டது நான்தான். பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா அரை மணி நேரம் போன் பார்க்கலாம். அதுவும் ஹால்ல உட்கார்ந்து, ஸ்கிரீன் எனக்குத் தெரியற மாதிரி. இன்ஸ்டாகிராம், ரீல்ஸ் எதுவும் கூடாது. "அதுல விழுந்த பொண்ணுங்க எப்படி சீரழியுதுன்னு நியூஸ்ல பார்க்கறல்ல?"ன்னு வாரத்துக்கு நாலு தடவை சொல்வேன். அவ தலையாட்டுவா. அப்போ எட்டாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தா. அந்தச் சட்டத்தை அவ ஒரு நாளும் மீறலை. மீறினது நான்.

இதை எழுதலாமான்னு அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "யார் பேரும் வரக் கூடாது"ன்னா. வராது.

நாங்க கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரங்க. கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூர்ப் பக்கம் சந்தாபுராலதான் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில மெஷின் ஓட்டறார். நான் ஹெப்பகோடியில ஒரு கார்மெண்ட்ஸ்ல செக்கிங். தைச்சு வர்ற சட்டையில நூல் தொங்குதா, பட்டன் ஆடுதான்னு பார்க்கறதுதான் வேலை. சின்னக் குறை கூட என் கண்ணுக்குத் தப்பாதுன்னு எங்க தையல் லைன்ல எனக்குப் பேரு. அப்படிப்பட்ட கண்ணை வெச்சுக்கிட்டு என் பொண்ணு மூஞ்சியை நான் பார்க்காம விட்டேன்.

பாப்பா பெரிய மனுஷி ஆனா. எனக்குத் தலைகால் புரியலை. பெங்களூருக்குப் பொழைக்கப் போய் என்னத்தைக் கிழிச்சாங்கன்னு பேசின சொந்தக்காரங்க முன்னாடி ஒரு ஃபங்ஷன் வெச்சுக் காட்டணும்னு வெறி. சந்தாபுராவுலயே மண்டபம் பிடிச்சோம். என் தம்பி, தாய்மாமனாச்சே, வரிசைத் தட்டு எடுத்துக்கிட்டு மேளத்தோட வந்தான். ரோட்டுல போறவங்க நின்னு பார்த்தாங்க. போட்டோ, வீடியோ எல்லாத்துக்கும் ஆள் வெச்சாச்சு.

காலையில மணையில உட்கார வெச்சோம். மஞ்சத்தண்ணி ஊத்த முறைக்காரப் பொம்பளைங்க சொம்போட சுத்தி நிக்கறாங்க. பாப்பா என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. குனிஞ்சேன். "அம்மா, இதை மட்டும் வீடியோ எடுக்க வேணாம்மா. எனக்கு வெட்கமா இருக்கு"ன்னா. "அட, சும்மா இருடி. ஊரே வந்திருக்கு, மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்காதே. சிரி"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். வீடியோக்காரர் எதிர்ல வந்து நின்னார். அவ சிரிச்சா.

பத்து நாள் கழிச்சு வீடியோக்காரர் ஒரு சின்ன வீடியோ அனுப்பினார். ஒரு நிமிஷம்தான் இருக்கும். பாட்டெல்லாம் போட்டு, தண்ணி தலையில விழறதை மெதுவா ஓட விட்டு, அப்புறம் பட்டுப்புடவை, நகை செட்டு, மாலை, இடுப்பு வரைக்கும் பூ வெச்ச ஜடை, என் தம்பியோட சீர்த்தட்டு. பார்த்ததும் எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. என் போன்ல ஒரு இன்ஸ்டாகிராம் இருந்துச்சு. கோலம், ப்ளவுஸ் டிசைன் பார்க்கறதுக்காக லைன்ல ஒரு பொண்ணு போட்டுக் குடுத்தது. ஃபங்ஷனுக்கு வர முடியாதவங்க பார்க்கட்டுமேன்னு அதுல ஏத்திட்டேன். பாப்பா பேரையும், சந்தாபுரான்னு ஊரையும் சேர்த்து எழுதினேன். யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாதுன்னு வைக்கறதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

சாயங்காலத்துக்குள்ள ஹார்ட்டு மேல ஹார்ட்டு. "அக்கா, உங்க பொண்ணு ஹீரோயின் மாதிரி இருக்கா"ன்னு லைன்ல சொன்னாங்க. பஸ்ல நின்னுக்கிட்டே எத்தனை பேர் பார்த்தாங்கன்னு திறந்து திறந்து பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா வீட்டுக்காரர்கிட்ட அந்த நம்பரைச் சொல்வேன். பாப்பா பக்கத்துலதான் உட்கார்ந்து படிச்சிட்டிருப்பா. அவளுக்கு மட்டும் அரை மணி நேரச் சட்டம் அப்படியே இருந்துச்சு.

ஸ்கூலுக்குத் திரும்பிப் போன ரெண்டாவது வாரம், காலையில வயித்து வலின்னா. புதுசா வயசுக்கு வந்த பொண்ணு, இருக்காதா பின்னே? உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊத்திக் குடுத்தேன். மறுநாளும் வலின்னா. மறுபடியும் களி கிண்டினேன். மிச்சம் வைக்காம சாப்பிட்டா. நாலு நாள் அப்படியே போச்சு. சரி, கண்ணு பட்டிருக்கும்னு தோணுச்சு. கிழக்கே பார்த்து உட்கார வெச்சு, காஞ்ச மிளகாயும் கல்லுப்பும் கையில எடுத்து, "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு எல்லாம் போகட்டும்"னு சுத்தினேன்.

அவ திரும்பாமலே சொன்னா: "அவ்ளோ மிளகாய் நம்மகிட்ட இல்லம்மா."

"பேச்சைப் பாரு, பேச்சை"ன்னு அதட்டிட்டு மிளகாயை அடுப்புல போட்டேன்.

அடுத்த வாரம் அவ கிளாஸ் மிஸ் போன் பண்ணி என்னை வரச் சொன்னாங்க. கன்னடக்காரம்மா, நல்ல மாதிரி. அரை நாள் லீவு சொல்லிட்டுப் போனேன். பசங்க பாப்பாவைக் கிண்டல் பண்றாங்கன்னு சொன்னாங்க. அவ கிளாசுக்குள்ள வந்தாலே ஒரு பாட்டை முணுமுணுக்கறாங்களாம். ஒரு நாள் அவ பெஞ்சுல மஞ்சப்பொடி பாக்கெட் ஒண்ணு வெச்சிருந்தாங்களாம். அவ அதை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, அன்னிக்குப் பூரா தலையே நிமிராம உட்கார்ந்திருந்தாளாம். அவளோட மஞ்சத்தண்ணி வீடியோ பசங்க போன்ல சுத்துதாம், அவ பேரும் ஊரும் கூட அதுல இருக்குன்னாங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "எவன் அவன்? அவங்க அப்பன் ஆத்தாளைக் கூப்பிடுங்க மிஸ்! என் பொண்ணு வீடியோவைத் திருடிப் போட்டது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அந்த வீடியோக்காரன்தான் குடுத்திருப்பான், அவனை நான் சும்மா விட மாட்டேன்!" கத்தின கத்துல பக்கத்து ரூம்ல பாடம் நின்னு போச்சு. பாதி தமிழ், பாதி கன்னடம், என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது.

மிஸ் போனை எடுத்து என் பக்கம் திருப்பினாங்க. யாரோ ஒருத்தர் அக்கவுண்ட். பாப்பா தலையில தண்ணி விழற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சிரிக்கற பொம்மையெல்லாம் ஒட்டி, மேல நக்கலா ஒரு வரி. எங்கிருந்து எடுத்தாங்கன்னு ஓரத்துல இன்னொரு பேர் இருந்துச்சு. மிஸ் அதைத் தொட்டாங்க. உடனே வேற பக்கம் வந்துச்சு.

"இது யாரோட அக்கவுண்ட் அம்மா?"ன்னு கன்னடத்துல மெதுவாக் கேட்டாங்க.

என் பேரு. பக்கத்துல வட்டத்துக்குள்ள நான், ஃபங்ஷன் அன்னிக்குக் கட்டின அதே பச்சைப் புடவையில, ஈன்னு இளிச்சுக்கிட்டு.

பசங்களைக் கண்டிச்சிருக்கோம், வீட்டுக்கும் சொல்லியிருக்கோம்னு மிஸ் என்னென்னமோ சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் காதுல ஏறலை. அந்த வீடியோவுக்குக் கீழே ஜனங்க எழுதியிருந்ததை அவங்க விரல் வெச்சு மறைச்சாங்க. நான் அப்புறம் பார்த்தேன். என் பொண்ணு யாருன்னே தெரியாத ஆம்பளைங்க எழுதினது. அதை இங்க எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். பாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. "ஏன்டி என்கிட்ட சொல்லலை?"ன்னு கேட்டேன். கேட்டது கூட திட்டற மாதிரிதான் வந்துச்சு. அதைத் தவிர எனக்கு வேற குரல் அப்போ கிடையாது.

அவ எழுந்து உட்கார்ந்தா. "சொன்னேனேம்மா. மணையில உட்கார்ந்தப்பவே சொன்னேன்."

"அது இல்லடி. ஸ்கூல்ல இப்படி நடக்குதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ தினமும் எத்தனை பேர் பார்த்தாங்கன்னு அப்பாகிட்ட சொல்லி சந்தோஷப்படுவே. அப்புறம் எப்படிம்மா சொல்றது?"

அவ அழவே இல்லை. நான்தான் தரையில உட்கார்ந்து வாயில துணியை வெச்சுக்கிட்டு அழுதேன். நாலு நாள் களி கிண்டிக் குடுத்தேனே, அதை நினைச்சு நினைச்சு அழுதேன். ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம் அவ. நான் ஆசையாக் குடுக்கறேன்னு சாப்பிட்டிருக்கா.

அன்னிக்கே அழிச்சேன். என் போன்ல போச்சு, வேற இடத்துல போகலை. லைன் பொண்ணு சொல்லிக் குடுத்து ரிப்போர்ட் அடிச்சோம். ஒண்ணு போச்சு, அதே வீடியோ வேற பேர்ல வந்துச்சு. வீட்டுக்காரர் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்தார். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸா வெச்சிருந்த சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, உங்க போன்லயும் அழிச்சுடுங்கன்னு கெஞ்சினேன். "நான் சீர் செஞ்சதை நாலு பேர் பார்க்கக் கூடாதா?"ன்னு என் தம்பிக்கே கோவம் வந்து, ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசலை. சட்டையில குறை இருந்தா நான் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிடுவேன். பிரிச்சுத் தைச்சு வந்துடும். இதை யாருக்குத் திருப்பி அனுப்பறது?

ஹெப்பகோடிப் பக்கம் வேற ஸ்கூல்ல சேர்த்தோம். புது ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி முடியை வெட்டிக்கறேன்னா. இடுப்பு வரைக்கும் இருந்த முடி, பொறந்ததிலிருந்து நான் எண்ணெய் வெச்சு வளர்த்தது. ஏன்னு நான் கேட்கலை. வீடியோவுல எல்லாருக்கும் அடையாளம் தெரியறது அந்த முடிதான். நானே பார்லருக்குக் கூட்டிட்டுப் போய், தோளோட வெட்டச் சொல்லிட்டு, வெளியில வந்து நின்னுக்கிட்டேன். ஹால்ல பெருசு பண்ணி மாட்டியிருந்த ஃபங்ஷன் போட்டோவை அவளே ஸ்டூல் மேல ஏறி இறக்கினா. ஆல்பம் பீரோவுல புடவைக்கு அடியில கிடக்கு. யாரும் எடுக்கறதில்லை.

அதுக்கப்புறம் அவ போட்டோவுக்கு நிக்கறதே இல்லை. என் தம்பி சமாதானமாகி, அவன் குழந்தைக்குக் காது குத்தினப்போ குடும்பமா எல்லாரும் போய் நின்னோம். "தள்ளுங்க, நான் எடுக்கறேன்"னு போனை வாங்கிக்கிட்டா. நல்லா எடுப்பா. யார் தலையும் வெட்டுப்படாது. ஆனா எதுலயும் அவ இருக்க மாட்டா. என் பொண்ணை உலகத்துக்கே காட்டணும்னு குதிச்சவ நான். மூணு வருஷமா என் போன்ல என் பொண்ணு மூஞ்சி ஒண்ணு கூட இல்லை. அவ கன்னம் வத்தினது, அவங்க அப்பா ஜாடை வந்தது எல்லாம் கண்ணால பார்த்ததோட சரி.

இந்த வருஷம் பத்தாவது முடிச்சு பியுசி, அதாவது ப்ளஸ் ஒன், சேர்றதுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டாங்க. வேற வழி இல்லாம ஸ்டுடியோவுக்குத் தனியாப் போய் எடுத்துட்டு வந்தா. சின்ன வெள்ளைக் கவர் டேபிள் மேல ரெண்டு நாள் கிடந்துச்சு. அவ வீட்ல இல்லாதப்போ திறந்து பார்த்திருக்கலாம். அதைச் சுத்திச் சுத்தி வீடு கூட்டினேனே தவிர தொடலை. மூணாம் நாள் கேட்டேன்.

"அதுல மிச்சம் இருந்தா அம்மாவுக்கு ஒண்ணு தரியா பாப்பா?"

அவ என்னையே பார்த்தா.

"எதுக்கு?"

"சும்மா. வேலையில இருக்கறப்போ பார்க்கறதுக்கு."

"யாருக்கும் காட்டக் கூடாது."

"மாட்டேன்."

"போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்டி. சத்தியமா."

உள்ளே போயிட்டா. தர மாட்டான்னு நினைச்சு அரிசி களைய ஆரம்பிச்சேன். திரும்பி வந்து, ஆணியில மாட்டியிருந்த என் கம்பெனி ஐடி கார்டை எடுத்து, பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சு, என் கார்டுக்குப் பின்னாடி அவ போட்டோவை அவளே சொருகி வெச்சா. மறுபடியும் அதே ஆணியில மாட்டிட்டுப் போனா. அரிசியில தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நான் குழாயை மூடலை.

போன வாரம் சாப்பாட்டு நேரம். லைனுக்குப் புதுசா வந்திருக்கற ஓசூர்ப் பொண்ணு, தன் பையன் ஆடற வீடியோவை எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டிருந்தா. மத்தவங்களும் அவங்கவங்க பிள்ளைங்களை போன்ல எடுத்துக் காட்டினாங்க. அவ என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க பொண்ணைக் காட்டுங்க, பார்க்கலாம்"னா.

என் கை தானா கழுத்துல தொங்கற கார்டுக்குப் போச்சு. திருப்பிக் காட்டினா போதும். எவ்ளோ அழகா இருக்கா தெரியுமா அதுல? சிரிக்கலை, நேரா பார்க்கறா.

"என்கிட்ட இல்லம்மா"ன்னேன்.

"என்னக்கா இது, பெத்த பொண்ணு போட்டோ கூட இல்லாம ஒரு அம்மாவா?"ன்னு சிரிச்சா. கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. நான் கார்டை கம்பெனி ஓவர்கோட்டுக்குள்ள தள்ளிட்டு மிச்ச சோத்தைச் சாப்பிட்டேன்.