சத்தமே வரல

சாவியைப் பாதி திருப்பி நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வண்டி கிளப்புவதற்கும் கண்ணாடி துடைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இன்ஜினுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுக்கவேண்டும் என்பார். துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மாட்டிக்கொண்டு, சோக்கை இழுத்து, அப்புறம்தான் சாவியை முழுதாகத் திருப்புவார். அவர் மகளைவிட மூத்த கார் அது. மகளிடம் காட்டாத பொறுமையை எல்லாம் அதனிடம் காட்டியிருக்கிறார்.

அந்தப் புதன்கிழமை காலையிலும் திருப்பினார். காத்திருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சத்தமே வரல" என்றார்.

கேட்டைப் பிடித்தபடி நின்ற மனைவிக்குப் பல் கூசும் அளவுக்குச் சத்தம் கேட்டது. இன்ஜினை அசைக்காமல் மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றி 'வீ' என்று கிறீச்சிட்டது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். வருகிறதே என்றாள் அவள். எங்கே வருகிறது என்றார் அவர்.

கடைத்தெருவில் அவர் கடை பெரிதொன்றும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு எழுத்துப் பலகை, சுவர் நிறைய ஃபிரேம்கள். ஆனால் கண்ணாடி போட அடம்பிடிக்கிறவர்களை வழிக்குக் கொண்டுவருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிக்கூடப் பெண்ணானாலும் சரி, பெரிய உத்தியோகஸ்தரானாலும் சரி, ஒரே மந்திரம்தான்: "மூக்குல ஏறுற வரைக்கும்தாங்க வெட்கம். ஏறிட்டா அதுவும் உங்க மூஞ்சிதான்." பிறகு கைக்கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்து, முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்வார், வலப்பக்கம் திருப்பச் சொல்வார். அவர்களாகவே ஒரு சிரிப்புச் சிரிக்கும்வரை அதைக் கீழே வைக்கமாட்டார்.

இப்படி ஊரார் மூக்கையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்த மனிதர், தன் காது விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. "இப்பல்லாம் எவனும் வாயத் திறந்து பேசறதில்ல. எல்லாம் முணுமுணுப்பு" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மகள் இழுத்துக்கொண்டுபோய்ச் சோதனை செய்தபோது, சோதித்த பெண்ணுக்குத் தொண்டை சரியில்லை என்று முடிவு சொல்லிவிட்டு வந்தார். மகள் வாங்கிக் கொடுத்த காதுக் கருவி சுண்டுவிரல் நுனி அளவுதான். பூச்சி மாதிரி இருக்கிறது என்று அதைப் பழைய கண்ணாடிக் கூடு ஒன்றில் போட்டு மூடினார். போன வருடம் மூடியது. கடையில் எப்படியோ சமாளித்துவிடுவார். பலகையைப் படிக்கிறவரின் உதட்டைப் பார்த்தே, எந்த எழுத்தில் தடுமாறுகிறார் என்று பிடித்துவிடுவார். வண்டிக்கு உதடு இல்லையே, என்ன செய்வது?

அதற்கு மனைவி இருந்தாள். கேட்டைத் திறக்கிற சாக்கில் வண்டிக்கு எதிரே நிற்பாள். இன்ஜின் பிடித்ததும் கையைத் தூக்குவாள், அவர் சாவியை விடுவார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினால் அவர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கையைத் தூக்க ஆளில்லாமல் தினமும் அவரே தனியாக வண்டியைக் கிளப்பினார். இன்ஜின் பிடித்து ஓட ஆரம்பித்த பிறகும் சாவியை விடாமல் திருகிக்கொண்டே இருந்தார். இரும்பை இரும்பு கடிக்கிற ஓசை படுக்கையறை வரை வந்தது. அவள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

கடைக்கு நடந்துகூடப் போய்விடலாம். புதன்கிழமைதான் பிரச்சினை. பாலத்துக்கு அந்தப்பக்கம், பஸ் போகாத இடத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் மனைவியின் அக்கா இருக்கிறாள். புதன் மதியம் இவர்கள் போய், அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஆற்றோரமாக ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வருவார்கள். அக்காவுக்கு வாரம் முழுவதற்கும் அதுதான் வெளியுலகம். புதன் வந்தால் தலையை வாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். வண்டி கிளம்பாமல் ஏற்கெனவே இரண்டு புதன் வீணாகிவிட்டது. வாடகைக் காரில் போய்க்கொள்ளலாம், இந்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். அது மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்தது. வேண்டாதது எப்படியோ விழுந்துவிடும்.

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லமுடியாது. சத்தம் வரவில்லை என்றால் பேட்டரிதான் என்று தீர்மானித்தார். முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிப் பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்தார். முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. பேட்டரி நன்றாக இருந்தால்தான் அப்படி எரியும் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் மனம் கேட்கவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டார். அதிலும் சத்தம் வராததால், விற்றவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிளக்குகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வரிசை மாறாமல் மாட்டினார். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிப் பழகிய கை அது, வேலை அத்தனை சுத்தம். கோளாறு வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில், அந்தப் புதன்கிழமை காலையே மெக்கானிக் வந்தான். தலைமுடியை வைத்து அவனைச் சுருட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒருமுறை சாவியைத் திருப்பச் சொல்லிக் கேட்டான். உடனே வண்டிக்கு அடியில் புகுந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, ஒரு காகிதத்தின்மேல் வைத்தான். அதன் முனையில் இருந்த சின்னச் சக்கரத்தில் பற்கள் மழுங்கிக் கிடந்தன.

"வண்டி பிடிச்ச பிறகும் யாரோ சாவிய விடாம திருகியிருக்காங்க சார். இத மாத்திடலாம். ஆனா உள்ள இருக்கிற பெரிய சக்கரமும் லேசா தேஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கடிச்சா இன்ஜினையே இறக்கணும். இந்த வண்டிக்கு அது கட்டுப்படியாகாது."

கண்ணாடிக்கடைக்காரர் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் தப்பவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான்தாம்ப்பா. ஓட்டிப் பழகலாமேன்னு ஏறி உக்காந்தேன்."

வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தொடாதவள் அவள். கற்றுத் தருகிறேன் என்று அவர் கெஞ்சியபோதெல்லாம், எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது என்று மறுத்தவள். சுருட்டை அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். சரிம்மா, இனிமேல் பிடித்ததும் விட்டுவிடுங்கள் என்று தலையாட்டிவிட்டு, வேறு மோட்டார் வாங்கிவரக் கிளம்பினான்.

இல்லை, நான்தான் என்று சொல்ல அவருக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. மனிதர் கூனிக்குறுகிப் போனார். சமையலறைக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று மனைவியைக் கேட்டார். அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் ஏதோ பதில் சொன்னாள். தோள் அசைந்தது தெரிந்தது. சொன்னது என்னவென்று தெரியவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய் அலமாரி இழுப்பறையைத் திறந்தார்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. சுருட்டை போய்விட்டான். மனைவி அக்காவுக்கான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்துவிட்டு, வழக்கமான இடத்தில் நின்றாள். அவர் உள்ளே உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய கூட்டை எடுத்தார். வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்ததால், உள்ளே அவர் குனிந்து என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாவி முழுதாகத் திரும்பியது. யாரோ பக்கத்தில் பாத்திர மூட்டையை உருட்டிவிட்டதுபோல் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வண்டி இத்தனை சத்தம் போடுமா? அதற்குள் இன்ஜின் பிடித்துவிட்டது. சாவியை விட்டார். கடியோசை இல்லை. மனைவியின் கை தோள் உயரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் கேட்டைச் சாத்திக்கொண்டே தனக்குத்தானே முனகிக்கொண்டாள். "இன்னைக்கு மகராசன் தானாவே விட்டுட்டாரு. கோயில் கட்டிக் கும்பிடணும்."

"பெருசா கட்டு" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏறு, அக்கா காத்துக்கிட்டிருப்பாங்க."

அவள் பையோடு அப்படியே நின்றாள். பிறகு மெல்ல வந்து, கதவைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பியிருந்தார். முகத்தை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். முகம் இறுகியே இருந்தது. அவள் கையை நீட்டி, அந்தக் கண்ணாடியை அவர் காது நன்றாகத் தெரிகிற மாதிரி இன்னும் கொஞ்சம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டாள்.