நாற்பத்தோராம் வளைவில் இருசாயி அக்கா

கொல்லிமலை திருப்புலி நாட்டு இருசாயி அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. யாரும் கேட்காமலே யோசனை சொல்வார். அது பிடிக்காமல் அவரிடம் கத்தியவன் நான், சேந்தமங்கலத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் வேல்முருகன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. சரிவான காட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் எஞ்சின் மக்கர் பண்ணும்போதெல்லாம் அதைக் கீழே தூக்கி வரும் எரிச்சலில், தானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். இப்போது அக்கம்பக்கத்தில் எந்தக் காட்டில் எஞ்சின் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும்.

நானோ மூன்று வருடமாக ஒரே காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 1936-ல் கப்பலில் வந்த சொகுசுக் கார். என்னிடம் வந்தபோது வெறும் துருக்கூடு. பாதிப் பாகங்கள் நானே லேத்தில் கடைந்தவை. உரிமையாளர் யுவராஜ் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மலையின் எழுபது வளைவையும் நிற்காமல் ஏற வேண்டும், இல்லையென்றால் வண்டி சென்னைப் பட்டறைக்குப் போய்விடும். சமதளத்தில் ஜோராக ஓடிய வண்டி மலையில் இரண்டு முறை நின்றது. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றினேன். கடைசி வாய்ப்பிலும், நாற்பத்தோராம் வளைவை ஒட்டிய மேட்டில் படுத்துவிட்டது. யுவராஜ் போனை எடுத்து லாரியை வரச்சொன்னார்.

கீழே போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்த அக்கா கிட்டே வந்தார்.

"ஏனுங்க, வண்டியத் திருப்பிப் போட்டு ரிவர்சுல ஏத்திப் பாருங்க."

"இது என்ன உங்க காட்டு எஞ்சினா?" என்று கத்தினேன்.

"கத்துனா ஏறீருமாங்க? எங்க காட்டுச் சரிவுல எஞ்சின் நின்னுச்சுன்னா மொதல்ல மாத்தித் திருப்பி வெப்போம். அப்புறந்தான் ஸ்பேனர எடுப்போம்."

யுவராஜ் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் வண்டியை வளைவில் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றினேன். அதே மேடு. அடேயப்பா, ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறியது!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் பின்பக்கம் பார்த்திருந்தது. வண்டி மூக்கைத் தூக்கினால் கிண்ணம் தாழ்ந்துவிடும், பெட்ரோல் எஞ்சினுக்கு எட்டாது. கைக்கு வாட்டமாக இருக்கிறதென்று அப்படிப் பொருத்திய மகாபுத்திசாலி யார்? நானேதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி சொல்வது பொய்யே இல்லை.

இரண்டு போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை முன்பக்கம் திருப்பினேன். ஆக்சிலேட்டர் கேபிள் எட்டவில்லை. கடையில் மாதிரி காட்டப் பையில் வைத்திருந்த பழைய கேபிளை அக்கா நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றேன்.

"கோவம் என்னத்துக்குங்க? நானும் ஏறிக்கறேன், பாத்தர்லாம்."

யுவராஜும் இன்னொரு முறை பார்க்கச் சம்மதித்தார். அடிவாரத்துக்கு இறங்கி, முதல் வளைவிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். நாற்பத்தோராவதில் நான் மூச்சே விடவில்லை. தாண்டியது! அறுபதாவதும் போனது. எழுபதாவது வளைவைச் சுற்றி நிமிர்ந்ததும் யுவராஜ் போனில், "லாரி வேண்டாம், திரும்பிப் போகச் சொல்லுங்க," என்றார். எனக்குக் கண்ணீர் கொட்டியது, பாதையே தெரியவில்லை.

"அழுதுட்டே ஓட்டாதீங்க சாமி," என்றார் அக்கா பின்னாலிருந்து. "ஹாரன அடிங்க. மலைக்கே கேக்கட்டும்!"

அடித்தேன். செம்மேட்டுக் கடைவீதி வரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.